ஆன்டிஆக்ஸிடன்ட் சாப்பிட்டால் இதயம் தப்புமா? – சர்க்கரைக்காரர்களுக்கு சில குறிப்புகள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சித்தப்பா போன் பண்ணினார். அவருக்கு வயது 64. சர்க்கரை வந்து பதினாறு வருஷம் ஆகிறது. மூன்று வருஷம் முன்பு ஸ்டென்ட் வைத்தார்கள். அன்றிலிருந்து ஒரு டப்பா நிறைய மாத்திரை.

"ஏம்ப்பா, நீதான் இதெல்லாம் நோண்டி நோண்டிப் படிக்கிறவனாச்சே, ஒண்ணு கேக்கணும். நம்ம தெருவுல ஒருத்தர் ஒரு கேப்சூல் விக்கிறார். நெல்லிக்காய், திராட்சை விதை, மஞ்சள், கிரீன் டீ எல்லாம் சேர்த்ததாம். ஆன்டிஆக்ஸிடன்ட்ங்கிறார். ரத்தக்குழாய் சுத்தமாயிடுமாம். கொலஸ்ட்ரால் மாத்திரைய நிறுத்திடலாமாம். அந்த மாத்திரை போட்டா எனக்குக் கால் வேற வலிக்குது. நிறுத்திடட்டுமா?"

"இப்போ எதையும் நிறுத்தாதீங்க சித்தப்பா. ஒரு வாரம் டைம் குடுங்க. படிச்சுட்டுச் சொல்றேன்."

ஒரு வாரம் மூன்று வாரமானது. எனக்கும் இதில் சுயநலம் உண்டு. போன வருஷ டெஸ்டில் என் எச்பிஏ1சி 6.1. எல்லைக்கோட்டில் நிற்கிறேன். எங்கள் குடும்பத்தில் அந்தக் கோட்டில் நின்றவர்கள் யாரும் இந்தப் பக்கம் திரும்பி வந்ததில்லை. அதனால் சித்தப்பாவுக்காகப் படித்ததை எனக்காகவும் எழுதி வைக்கிறேன்.

சர்க்கரைக்கும் இதயத்துக்கும் நடுவில் என்ன நடக்கிறது?

சர்க்கரை நோய் இருந்தால் மாரடைப்பு, பக்கவாதம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் இரண்டு மடங்கு. இது பல நாடுகளில் லட்சக்கணக்கான பேரைப் பின்தொடர்ந்து பார்த்த கணக்கு. ரத்தத்தில் இனிப்பு கூடினால் இதயக்குழாய் ஏன் கெட வேண்டும்?

ரத்தக்குழாயின் உள்சுவரில் ஒரே ஒரு வரிசை செல்கள் ஓடு பதித்த மாதிரி இருக்கும். எண்டோதீலியம் என்று பெயர். தசை செல்லுக்குள் சர்க்கரை போவதற்குப் பெரும்பாலும் இன்சுலின் வந்து கதவைத் திறக்க வேண்டும். எண்டோதீலியத்துக்கு அது வேண்டாம். வெளியே எவ்வளவு சர்க்கரை இருக்கிறதோ அதற்கேற்ப உள்ளேயும் வந்துவிடும். கதவைச் சாத்திக்கொள்ள அந்த செல்லுக்குத் தெரியாது.

உள்ளே வந்த சர்க்கரையை மைட்டோகாண்ட்ரியா எரிக்கிறது. அளவுக்கு மீறி எரிபொருள் வந்தால், எலக்ட்ரான்களைக் கைமாற்றும் வரிசையில் நெரிசல் ஏற்படுகிறது. சில எலக்ட்ரான்கள் பாதியிலேயே நழுவி ஆக்ஸிஜனில் ஒட்டிக்கொள்கின்றன. அப்படிப் பிறப்பதுதான் சூப்பர் ஆக்ஸைடு என்னும் ஃப்ரீ ராடிக்கல். சர்க்கரையால் வரும் பல சேதங்களுக்கும் வேர் இந்தக் கசிவுதான் என்று மைக்கேல் பிரவுன்லீ 2001-இல் நேச்சர் இதழில் ஒரு விளக்கம் எழுதினார். இன்றுவரை இந்தத் துறையில் அதிகம் பேசப்படும் கட்டுரைகளில் அதுவும் ஒன்று.

சூப்பர் ஆக்ஸைடு முதலில் கை வைப்பது நைட்ரிக் ஆக்ஸைடில். ரத்தக்குழாயைத் தளர்த்தி விரிய வைக்கும் வாயு அது. அதைக் கண்டறிந்ததற்குத்தான் 1998-இல் ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் நோபல் பரிசு. சூப்பர் ஆக்ஸைடு அதைத் தின்றுவிட்டால் குழாய் விரைப்பாகவே இருக்கும். கூடவே எல்.டி.எல். கொலஸ்ட்ரால் துகள்கள் சுவருக்குள் புகுந்து ஆக்ஸிஜனேற்றம் அடைகின்றன. கிட்டத்தட்ட எண்ணெய் சிக்கு வாடை பிடிப்பது போல. கெட்டுப்போன எல்.டி.எல்.லை வெள்ளை அணுக்கள் வந்து விழுங்குகின்றன. விழுங்கிவிட்டு அங்கேயே கிடக்கின்றன. அந்தக் குவியல்தான் அடைப்பின் தொடக்கம்.

இன்னொரு பக்கம், சர்க்கரை நேரடியாகப் புரதங்களில் போய் ஒட்டிக்கொள்கிறது. எச்பிஏ1சி டெஸ்ட் அளப்பதே இதைத்தான்: ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதத்தில் சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்று. ஹீமோகுளோபினில் ஒட்டுவது ரத்தக்குழாய்ச் சுவரின் புரதத்தில் மட்டும் ஒட்டாமல் இருக்குமா?

அப்படியென்றால் விடை சுலபம்தானே?

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பிரச்சினை ஆக்ஸிஜனேற்றம். அதைத் தடுக்கும் பொருள் ஆன்டிஆக்ஸிடன்ட். தாவரங்களில் அது கொட்டிக் கிடக்கிறது. நெல்லியிலும் கொய்யாவிலும் வைட்டமின் சி, எண்ணெய் வித்துகளில் வைட்டமின் ஈ, கேரட்டிலும் கீரையிலும் கரோட்டினாய்டுகள், வெங்காயத்தில் குவெர்செடின், தேயிலையில் கேட்டச்சின், மஞ்சளில் குர்குமின், நாவல்பழத்தின் ஊதாவில் ஆந்தோசயனின், எள்ளில் செசமின். கடைசியில் சொன்ன ஐந்தும் பாலிஃபீனால் என்ற பெரிய குடும்பத்தைச் சேர்ந்தவை.

ஆக, இதையெல்லாம் பிழிந்து ஒரு கேப்சூலில் அடைத்துக் கொடுத்தால் வேலை முடிந்தது!

சித்தப்பாவின் தெருக்காரர் சொல்வதும் இதுதான். அவர் ஒன்றும் மடத்தனமாகப் பேசவில்லை. 1990களில் உலகத்தின் பெரிய பெரிய இதய நிபுணர்களே இப்படித்தான் நம்பினார்கள். 1993-இல் அமெரிக்காவில் ஒரே மருத்துவ இதழில் இரண்டு ஆய்வுகள் அடுத்தடுத்து வந்தன. ஒன்று 87,000-க்கும் மேற்பட்ட நர்ஸுகளைப் பற்றியது. மற்றது சுமார் 40,000 ஆண்களைப் பற்றியது. இரண்டிலும் வைட்டமின் ஈ அதிகம் எடுத்துக்கொண்டவர்களுக்கு இதய நோய் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. அதே வருஷம் நெதர்லாந்தின் ஸுட்ஃபென் ஊரில் 805 முதியவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வு, தேநீர், வெங்காயம், ஆப்பிள் வழியாக ஃப்ளேவனாய்டு அதிகம் சாப்பிட்டவர்கள் இதய நோயால் குறைவாக இறந்ததாகச் சொன்னது.

ஆனால் பாருங்கள், இவை மூன்றும் வேடிக்கை பார்த்த ஆய்வுகள். யார் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு, பிறகு யாருக்கு என்ன ஆகிறது என்று பார்ப்பது. தானாகவே வைட்டமின் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறவர் எப்படிப்பட்டவர்? நடைப்பயிற்சி போவார், சிகரெட் பிடிக்க மாட்டார், டாக்டரை ஒழுங்காகப் பார்ப்பார், கையில் காசும் இருக்கும். இதயத்தைக் காப்பாற்றியது மாத்திரையா, மற்றதெல்லாமா? கணக்கில் எவ்வளவு திருத்தம் போட்டாலும் முழுசாகப் பிரிக்க முடியாது.

பிரிக்க ஒரே வழிதான். சீட்டுக் குலுக்கிப் போட்டுப் பாதிப் பேருக்கு மாத்திரை, பாதிப் பேருக்கு அதே மாதிரி தெரியும் வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. வருஷக்கணக்கில் காத்திருந்து எண்ண வேண்டும்.

ஒரே சோதனைக்குள் இரண்டு மாத்திரை

அப்படிக் காத்திருந்து எண்ணியும் விட்டார்கள். இந்தப் பதிவிலேயே நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டிய பகுதி இதுதான்.

முதலாவது ஹோப் என்ற சோதனை. முடிவு வந்தது 2000-இல். 55 வயதைத் தாண்டிய 9,500-க்கும் மேற்பட்டவர்கள். ஏற்கெனவே ரத்தக்குழாய் நோய் இருந்தவர்கள், அல்லது சர்க்கரையோடு இன்னொரு ஆபத்தும் சேர்ந்து இருந்தவர்கள். மூன்றில் ஒருவருக்கு மேல் சர்க்கரைக்காரர்கள். இவர்களுக்கு ஒரே நேரத்தில் இரண்டு கேள்விகளைச் சோதித்தார்கள். ஒரு குலுக்கல் வைட்டமின் ஈ-க்கு, தினம் 400 யூனிட். இன்னொரு குலுக்கல் ராமிப்ரில் என்ற ரத்த அழுத்த மாத்திரைக்கு.

சுமார் நாலரை வருஷத்தில் மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் ஆகியவற்றில் ஏதோ ஒன்று வந்தவர்கள்:

– வைட்டமின் ஈ சாப்பிட்டவர்களில் 16.2%, வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 15.5%. வித்தியாசம் இல்லை.
– ராமிப்ரில் சாப்பிட்டவர்களில் 14.0%, வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 17.8%. நல்ல வித்தியாசம்.

இரண்டாவது, பிரிட்டனில் நடந்த ஹார்ட் புரொடெக்‌ஷன் ஸ்டடி, 2002. மொத்தம் 20,536 பேர். அதில் சுமார் 6,000 பேர் சர்க்கரைக்காரர்கள். இங்கேயும் இரட்டைக் குலுக்கல். ஒரு பக்கம் ஸ்டேடின் குடும்பத்தைச் சேர்ந்த சிம்வாஸ்டேடின் 40 மில்லிகிராம். இன்னொரு பக்கம் மூன்று ஆன்டிஆக்ஸிடன்ட் சேர்ந்த கலவை: வைட்டமின் ஈ 600 மி.கி., வைட்டமின் சி 250 மி.கி., பீட்டா கரோட்டின் 20 மி.கி. ஐந்து வருஷம்.

– ஆன்டிஆக்ஸிடன்ட் சாப்பிட்டவர்களில் பெரிய ரத்தக்குழாய்ப் பாதிப்பு வந்தவர்கள் 22.5%. சாப்பிடாதவர்களிலும் 22.5%. புள்ளிக்குப் பின்னால் உள்ள எண்கூட மாறவில்லை.
– ஸ்டேடின் சாப்பிட்டவர்களில் 19.8%. சாப்பிடாதவர்களில் 25.2%. சர்க்கரைக்காரர்களுக்கும் ஏறக்குறைய இதே அளவு பலன்.

மாத்திரை ரத்தத்தில் சேரவில்லையோ என்று சந்தேகம் வரலாம். அதையும் அளந்திருக்கிறார்கள். ரத்தத்தில் வைட்டமின் ஈ இரண்டு மடங்கானது, பீட்டா கரோட்டின் நான்கு மடங்கானது. ரத்தத்துக்குப் போனது, போயும் ஒன்றும் ஆகவில்லை.

சோதனை சரியில்லையோ என்றும் கேட்க முடியாது. அதே சோதனை, அதே ஆட்கள், அதே ஐந்து வருஷம், ஸ்டேடினின் பலனைத் தெளிவாகப் பிடித்துக் காட்டியிருக்கிறதே. தராசு வேலை செய்கிறது. ஒரு தட்டில் எடை இல்லை, அவ்வளவுதான்.

சித்தப்பா கேட்ட கேள்வியை நினைத்துப் பாருங்கள். "ஸ்டேடினை நிறுத்திவிட்டு ஆன்டிஆக்ஸிடன்ட் சாப்பிடலாமா?" இந்தக் கேள்விக்கு இருபதாயிரம் பேரை வைத்து, ஏறக்குறைய இதே வடிவத்தில், இருபது வருஷத்துக்கு முன்பே விடை எழுதி வைத்திருக்கிறார்கள். படித்தபோது எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை.

கெடுதல் வந்த கதையும் உண்டு. பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களை வைத்து நடந்த சோதனையில் (1994) பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18% அதிகமானது. கேரட் சாப்பிட்டால் வராத வினை, கேரட்டின் சாரத்தை மாத்திரையாகப் போட்டபோது வந்தது.

நேர்மையாக ஒரு விதிவிலக்கையும் சொல்லிவிடுகிறேன். ஹாப்டோகுளோபின் என்ற புரதத்தில் 2-2 என்ற மரபு வகை உள்ள சர்க்கரைக்காரர்கள் 1,434 பேருக்கு இஸ்ரேலில் வைட்டமின் ஈ கொடுத்துப் பார்த்தார்கள் (2008). பாதிப்பு 4.7%-இலிருந்து 2.2%-ஆகக் குறைந்தது. ஆனால் அது பாதியில் நிறுத்தப்பட்ட சின்னச் சோதனை. அந்த மரபு டெஸ்டை எந்த டாக்டரும் வழக்கமாக எழுதுவதும் இல்லை. இதை வைத்து எல்லோருக்கும் கேப்சூல் விற்க முடியாது.

ஏன் பலிக்கவில்லை?

எங்கள் தொழிலில் தினசரி கேட்கும் வசனம் ஒன்று உண்டு: "என் மெஷின்ல ஓடுச்சே!" டெஸ்ட் சர்வரில் அழகாக ஓடிய புரோகிராம் வாடிக்கையாளரிடம் போனதும் படுத்துவிடும். ஆன்டிஆக்ஸிடன்ட் கதையும் அதுதான். சோதனைக் குழாயில் ஓடியது, உடம்பில் ஓடவில்லை. மூன்று காரணங்கள் எனக்குப் புரிந்தன.

ஒன்று, வேகம். சூப்பர் ஆக்ஸைடும் நைட்ரிக் ஆக்ஸைடும் சந்தித்தால் கண்ணிமைக்க நேரமில்லை. வைட்டமின் சி சூப்பர் ஆக்ஸைடைப் பிடிக்கும் வேகத்தைவிட அது பல்லாயிரம் மடங்கு அதிகம். பஸ் கிளம்பிப் போன பிறகு ஸ்டாப்புக்கு ஓடி வருகிற ஆள் மாதிரிதான் வைட்டமின் சி.

இரண்டு, அளவு. பாலிஃபீனால்கள் குடலில் மிகக் கொஞ்சம்தான் உள்ளே போகின்றன. போனதையும் கல்லீரல் அடையாளம் தெரியாமல் மாற்றி வெளியே தள்ளுகிறது. ரத்தத்தில் ஏற்கெனவே யூரிக் அமிலம் என்ற ஆன்டிஆக்ஸிடன்ட் அவற்றைவிட நூற்றுக்கணக்கான மடங்கு அதிகமாக நிற்கிறது. இதில் ஒரு வேடிக்கை. ஆப்பிள் சாப்பிட்டதும் ரத்தத்தின் ஆன்டிஆக்ஸிடன்ட் திறன் உயர்கிறது என்று எல்லோரும் ஃப்ளேவனாய்டைப் பாராட்டிக்கொண்டிருந்தார்கள். அமெரிக்காவில் ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் லைனஸ் பாலிங் நிலையத்தில் தோண்டிப் பார்த்தால், உயர்த்தியது ஆப்பிளில் இருந்த ஃப்ரக்டோஸ். அந்தச் சர்க்கரை உடம்பில் யூரிக் அமிலத்தைக் கூட்டியிருக்கிறது!

எந்தப் பழத்தில் எவ்வளவு ஆன்டிஆக்ஸிடன்ட் சக்தி என்று 'ஓராக்' மதிப்பெண் போட்டு அமெரிக்க வேளாண் துறை ஒரு பட்டியல் வைத்திருந்தது. அந்த எண்ணுக்கும் உடம்பில் நடப்பதற்கும் தொடர்பு காட்ட முடியவில்லை, கம்பெனிகள் அதை விளம்பரத்துக்குத் தவறாகப் பயன்படுத்துகின்றன என்று சொல்லி 2012-இல் பட்டியலையே எடுத்துவிட்டார்கள். சித்தப்பா வாட்ஸ்அப்பில் அனுப்பிய டப்பாவின் படத்தில் இன்னமும் அந்த ஓராக் எண்தான் பெரிய எழுத்தில் இருக்கிறது.

மூன்று, ஃப்ரீ ராடிக்கல் எப்போதும் வில்லன் இல்லை. செல்லுக்கு அது செய்தி சொல்லும் சமிக்ஞையும்கூட. ஜெர்மனியில் 2009-இல் இளைஞர்களுக்கு நான்கு வாரம் உடற்பயிற்சி கொடுத்தார்கள். பாதிப் பேருக்குக் கூடவே வைட்டமின் சி, ஈ மாத்திரை. மாத்திரை இல்லாதவர்களுக்கு உடற்பயிற்சியால் இன்சுலின் நன்றாக வேலை செய்ய ஆரம்பித்தது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு அந்தப் பலன் வரவில்லை. "தசையில் வேலை நடக்கிறது, தயாராகிக்கொள்" என்ற செய்தியை மாத்திரை அழித்துவிட்டது. தினம் ஒரு மணி நேரம் வாக்கிங் போய்விட்டு, வந்து ஒரு வைட்டமின் மாத்திரை போடுகிற சர்க்கரைக்காரர் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அப்போ காய், பழம், கீரை எல்லாம் வீணா?

வீணே இல்லை. இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது.

ஸ்பெயினில் நடந்த பிரெடிமெட் சோதனையில் 7,447 பேர். ஏறக்குறைய பாதிப் பேர் சர்க்கரைக்காரர்கள். காய்கறி, பழம், பருப்பு வகை, மீன் கொண்ட மத்திய தரைக்கடல் உணவோடு ஒரு குழுவுக்கு ஆலிவ் எண்ணெய், இன்னொரு குழுவுக்கு வால்நட், பாதாம் போன்ற கொட்டைகள். மூன்றாவது குழுவுக்குக் கொழுப்பைக் குறைக்கும் அறிவுரை மட்டும். முதல் இரண்டு குழுக்களிலும் மாரடைப்பு, பக்கவாதம் முதலியவை சுமார் 30% குறைவு. 2013-இல் வந்த இந்தக் கட்டுரையை, குலுக்கலில் சில இடங்களில் கோளாறு நடந்தது தெரிந்து ஆசிரியர்களே திரும்பப் பெற்று, கணக்கைத் திருத்தி 2018-இல் மறுபடி வெளியிட்டார்கள். முடிவு பெரிதாக மாறவில்லை. குலுக்கல் கொஞ்சம் கறைபட்டது என்பதை மனதில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டிய ஆய்வு.

மாத்திரை தோற்ற இடத்தில் சாப்பாடு எப்படி ஜெயிக்கிறது? தாவரப் பொருள்கள் செய்யும் வேலை நாம் நினைத்த வேலையே இல்லை என்பதுதான் பதில்.

பாலிஃபீனால்களைச் செடி தயாரிப்பது நம் நன்மைக்காக இல்லை. பூச்சியை விரட்டவும் வெயிலைத் தாங்கவும். நம் செல்லுக்கு அவை லேசான எரிச்சலூட்டும் அந்நியப் பொருள்கள். செல்லுக்குள் என்.ஆர்.எஃப்.2 என்று ஒரு புரதம் உண்டு. சாதாரண நேரத்தில் கீப்1 என்ற காவலாளி அதைப் பிடித்து வைத்திருக்கும். குர்குமின், ப்ரோக்கோலியில் வரும் சல்ஃபராஃபேன் மாதிரியான பொருள்கள் வந்து காவலாளியைச் சீண்டினால் அது பிடியை விடுகிறது. என்.ஆர்.எஃப்.2 நியூக்ளியஸுக்குள் போய், செல்லின் சொந்தப் பாதுகாப்பு என்சைம்களைத் தயாரிக்க ஆர்டர் போடுகிறது. அந்த என்சைம்கள்தான் உண்மையான தீயணைப்புப் படை. மஞ்சள் தீயை அணைக்க வந்த ஆள் இல்லை. மணி அடிக்கிற ஆள். மணி அடிக்கக் கொஞ்சம் போதும், தினம் போதும். செல் அளவிலான சோதனைகளில் இது உறுதியாகத் தெரிந்த வழி.

நைட்ரிக் ஆக்ஸைடு பக்கமும் உதவி கிடைக்கிறது. கோகோ, தேயிலை ஃப்ளேவனால்கள் அதைத் தயாரிக்கும் என்சைமைத் தூண்டுகின்றன. கீரை, பீட்ரூட்டில் இருக்கும் நைட்ரேட்டை வாயில் உள்ள பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்ற, அது உடம்பில் நைட்ரிக் ஆக்ஸைடாகிறது. ரத்த அழுத்தம் கொஞ்சம் இறங்குகிறது.

இதெல்லாம் போக, சாதாரணமான வேலைகள் இருக்கின்றன. நார்ச்சத்து சர்க்கரை ஏறும் வேகத்தைக் குறைக்கிறது, எல்.டி.எல்.லையும் கொஞ்சம் இறக்குகிறது. பொட்டாசியம் ரத்த அழுத்தத்துக்கு நல்லது. எல்லாவற்றையும்விட முக்கியம், தட்டில் ஒரு கைப்பிடி அவரைக்காய்ப் பொரியல் கூடினால் ஒரு கைப்பிடி சோறு குறைகிறது. மைட்டோகாண்ட்ரியா கசிந்ததே எரிபொருள் அதிகமானதால்தானே? கசிந்த பிறகு துடைப்பதைவிடக் குழாயைக் கொஞ்சம் மூடுவது மேல். கேப்சூலால் செய்ய முடியாத வேலை இது.

சாரத்தை மட்டும் பிரித்துக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்குப் புதிய உதாரணம் அமெரிக்காவின் காஸ்மாஸ் சோதனை (2022). 21,442 முதியவர்கள், தினம் 500 மி.கி. கோகோ ஃப்ளேவனால். மொத்த இதயப் பாதிப்புகளில் உறுதியான குறைவு இல்லை. இதய மரணம் மட்டும் 27% குறைவாகத் தெரிந்தது. ஆனால் அது சோதனையின் முதன்மைக் கேள்வி இல்லை. நம்பிக்கை தரும் துப்பு, தீர்ப்பு இல்லை.

நம் சமையலறைக்கு வருவோம்

நான் இப்போது கடைப்பிடிப்பவை, கடைப்பிடிக்க முயல்பவை:

1. நெல்லி, கொய்யா. முழுசாகக் கடித்துச் சாப்பிட வேண்டும். ஜூஸ் போட்டு வடிகட்டினால் நார் போச்சு. தேன் நெல்லி என்பது சர்க்கரைப் பாகில் குளித்த நெல்லி. சர்க்கரைக்காரருக்கு அது மிட்டாய்தான். நெல்லி கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். 100 கிராம் கொய்யாவில் 200 மி.கி.க்கு மேல் வைட்டமின் சி இருக்கிறது, ஒரு நாள் தேவைக்கும் அதிகம்.

2. மஞ்சள். மஞ்சள்தூளில் குர்குமின் சுமார் 3% தான். ஒரு டீஸ்பூனில் 100 மி.கி. வந்தால் அதிகம். சோதனைகளில் கொடுப்பது பெரும்பாலும் 500 மி.கி., 1,000 மி.கி. என்ற அளவில். மிளகில் இருக்கும் பைப்பரின் குர்குமின் உறிஞ்சப்படுவதை 20 மடங்கு கூட்டுகிறது என்று 1998-இல் பெங்களூரில் நடந்த ஆய்வு ஒன்று சொன்னது. நம் ரசத்தில் இரண்டும் இருப்பது நல்ல விஷயம். ஆனால் அதையே சாக்காக வைத்து, மஞ்சள் சாரத்தையும் பைப்பரினையும் சேர்த்து அடைத்த கேப்சூல்களை அதிக அளவில் சாப்பிட்டுக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். ரசத்தால் அப்படி ஆவதில்லை.

3. கீரை, காய். கீரையை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டினால் வைட்டமின் சி-யும் நைட்ரேட்டும் அதோடு போகும். கரோட்டினாய்டுகள் உடம்பில் சேரக் கொஞ்சம் எண்ணெய் வேண்டும். தக்காளியின் லைக்கோபீன் வதக்கினால்தான் நன்றாகக் கிடைக்கும். எல்லாவற்றையும் பச்சையாகத் தின்ன வேண்டியதில்லை.

4. கறுப்புக் கவுனி, கேழ்வரகு. பாலிஃபீனால் எல்லாம் மேல்தோலில் இருக்கிறது. தீட்டினால் போய்விடும். அதற்காகக் கவுனி அரிசியை அளவில்லாமல் சாப்பிட முடியாது. அதுவும் அரிசிதான், மாவுச்சத்து அதே. கேழ்வரகைக் கூழாகக் கரைத்துக் குடித்தால் சர்க்கரை சர்ரென்று ஏறும். கிளுக்கோமீட்டர் வைத்திருப்பவர்கள் இரண்டு மணி நேரம் கழித்துக் குத்திப் பாருங்கள், யார் சொல்வதையும் நம்ப வேண்டாம்.

5. நிலக்கடலை, எள், நல்லெண்ணெய். நல்லவைதான். ஒரு கிராம் எண்ணெய்க்கு 9 கலோரி என்பது நல்லெண்ணெய்க்கும் பொருந்தும்.

6. டீ. சர்க்கரை போடாமல்.

இரண்டு எச்சரிக்கைகள். சிறுநீரகம் பாதித்த சர்க்கரைக்காரர்கள் கீரை, பழம், இளநீர் எல்லாவற்றையும் டாக்டரிடம் கேட்டுத்தான் அளவு வைக்க வேண்டும். பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். ஸ்டார் ஃப்ரூட் அவர்களுக்கு விஷம் மாதிரி, தொடவே கூடாது. வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் திடீரென்று கீரையைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. கீரையின் வைட்டமின் கே அந்த மாத்திரையோடு மல்லுக்கட்டும்.

சித்தப்பாவுக்குச் சொன்னது

மூன்று வாரம் கழித்து நேரிலேயே போனேன். மேலே இருக்கும் எண்களை ஒரு பேப்பரில் எழிதாக, பெரிய எழுத்தில் எழுதிக் கொண்டுபோனேன். 22.5, 22.5. பக்கத்தில் 19.8, 25.2. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"அப்போ அந்த ஆளு பொய் சொல்றாரா?"

"பொய்யுன்னு இல்ல சித்தப்பா. முப்பது வருஷத்துக்கு முந்தி பெரிய டாக்டருங்களே நம்பினத அவரு இன்னும் நம்பிக்கிட்டிருக்காரு. டாக்டருங்க சோதிச்சுப் பாத்துட்டு மாத்திக்கிட்டாங்க. இவரு மாத்திக்கல."

உண்மையில் எனக்குப் பயமாக இருந்தது கால் வலிதான். ஸ்டேடினால் தசை வலி வருவது உண்டு. அதே சமயம், பக்க விளைவு தாங்காமல் ஸ்டேடினை நிறுத்திய 60 பேரை வைத்து லண்டனில் நடந்த சோதனையில் (2020), ஸ்டேடின் மாதத்தில் சொன்ன தொந்தரவில் 90% வெற்று மாத்திரை மாதத்திலும் இருந்தது. இதைவிட முக்கியமாக, பதினாறு வருஷச் சர்க்கரைக்காரருக்குக் கால் வலித்தால் அது நரம்புக் கோளாறாக இருக்கலாம். காலுக்குப் போகும் ரத்தக்குழாயே அடைத்துக்கொண்டிருக்கலாம். அடைப்பாக இருந்தால் அவர் நிறுத்த நினைத்த மாத்திரைதான் அவருக்கு இப்போது மிக அவசியம்.

அந்த வாரமே டாக்டரிடம் அழைத்துப் போனோம். கையிலும் கணுக்காலிலும் ரத்த அழுத்தம் எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார். குழாயில் அடைப்பு இல்லை. ஸ்டேடினை வேறு வகைக்கு மாற்றிக் கொடுத்தார். ஒரு மாதம் ஆகிறது, வலி பாதி குறைந்திருக்கிறது என்கிறார் சித்தப்பா. மாற்றியதால் குறைந்ததா, கவலை தீர்ந்ததால் குறைந்ததா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. மாத்திரையை விடாமல் போடுகிறார், அது போதும்.

கிளம்பும்போது கேட்டார்: "நெல்லிக்காயாவது சாப்பிடலாமா கூடாதா?"

"தாராளமா சாப்பிடுங்க. அந்த கேப்சூல் டப்பா விலைக்கு ஆறு மாசத்துக்கு நெல்லிக்காயும் கொய்யாப்பழமும் வாங்கலாம்."

சித்தி உள்ளே இருந்து குரல் கொடுத்தார், "ரெண்டு டப்பா ஏற்கெனவே வாங்கியாச்சுப்பா."

டிஸ்கி: நான் மென்பொருள் எழுதுகிறவன், மருத்துவன் இல்லை. இதைப் படித்துவிட்டு எந்த மாத்திரையையும் நிறுத்தவோ தொடங்கவோ வேண்டாம். உங்கள் டாக்டரிடம் கேட்பதற்கான கேள்விகளாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எங்காவது கணக்குத் தப்பாக இருந்தால் சொல்லுங்கள், திருத்திவிடுகிறேன்.